கிரேக்கம் படிக்கும் கீரனூர்ப் பையன்

"கிரேக்கமா? அதப் படிச்சா எந்த ஆபீஸ்ல கண்ணு வேல குடுப்பாங்க?"

கீரனூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அம்மா கேட்ட கேள்வி. பையன் எம்.ஏ. வரலாறு படிக்கிறான். ஆய்வுக்கு அவன் எடுத்த தலைப்பு ரோமானியர்களின் தமிழக வணிகம். "ஏன், பக்கத்துல இருக்கற பழனியப் பத்தி எழுதக்கூடாதா?" என்றார் அப்பா.

வேடிக்கை என்னவென்றால், பழனியைப் பற்றி எழுதினாலும் ரோம் வந்து நிற்கும். பழனிக்குப் பக்கத்தில் கலையம்புத்தூரில் 1856இல் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அந்தப் பக்கமே இருக்கும் பொருந்தலில் 2009, 2010இல் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. ஆயிரக்கணக்கில் மணிகள், தமிழ் பிராமி எழுத்து, ஜாடி நிறைய நெல் எல்லாம் வெளியே வந்தன. தினமும் பஸ்ஸில் கடக்கிற மண்ணுக்கு அடியில் இவ்வளவு இருக்கிறது.

அப்புறம் என்ன தடை? மொழிதான். தலைப்பைப் பார்த்ததும் ஆய்வு வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "மூலத்தைப் படிப்பியா, ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பியா?" பையன் பதில் சொல்லவில்லை. கிரேக்க எழுத்துக்களைக் கணக்குப் பாடத்தில்தான் பார்த்திருக்கிறான்.

ஒரு எழுத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடல் வணிகக் கையேடு 'பெரிப்ளஸ்'. எழுதியவர் பெயர் தெரியாது. அதில் முசிறி இருக்கும் நாட்டின் பெயர் 'லிமிரிகே' என்று இருக்கிறது. அது எந்த நாடு? கிரேக்கத்தில் 'ல' ஒலிக்கு லாம்டா, 'ட' ஒலிக்கு டெல்டா. பெரிய எழுத்தில் லாம்டா என்பது அடிக்கோடு இல்லாத முக்கோணம். அடிக்கோடு போட்டால் டெல்டா. பிரதி எடுத்தவர் ஒரு கோட்டை விட்டிருந்தால்? 'டமிரிகே', அதாவது தமிழகம்! பியூட்டிங்கர் வரைபடம் என்ற ரோமானியச் சாலைப் படத்தில் 'டமிரிகே' என்றே இருப்பதைக் காட்டி, 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் இதைச் சொன்னார். மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவன் கண்ணில் அந்தக் கோடு படவே படாது.

இந்தத் தடை ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. எகிப்தில், செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய ரோமானியத் துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு பானை ஓட்டில் புரியாத எழுத்து இருந்தது. ஐராவதம் மகாதேவன் அதைத் தமிழ் பிராமி என்று படித்தார். 'பானை ஒறி' என்பது அவர் வாசிப்பு. 2007இல் செய்தி வெளியானது. கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அந்த இடத்தில் தமிழ் தேவைப்பட்டது.

பையன் இதை வீட்டில் சொன்னான். "ஒறின்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"இதென்ன கேள்வி? பூனைக்கு எட்டாம மோர்ப்பானையத் தொங்க விடறது. உங்க அம்மாயி வீட்ல இருந்துச்சே!"

எகிப்து வரை போன சொல்லுக்கு அம்மா அடுப்படியிலிருந்தே பொருள் சொல்லிவிட்டார். பையன் கிரேக்கம் படித்துவிட்டால் இரண்டு கரையிலிருந்தும் பார்க்கிறவனாக ஆகலாம். அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

கிரேக்கம் சொல்லிக்கொடுக்க அவன் கல்லூரியில் ஆள் இல்லை. இணையத்தில் இலவசப் பாடங்களைத் தேடிப் பிடித்தான். பழைய நோட்டு ஒன்றில் இப்போது ஆல்ஃபா, பீட்டா எழுதிப் பார்க்கிறான். டெல்டா வரும்போது மட்டும் அடிக்கோட்டை அழுத்திப் போடுகிறான்.

வேலை கிடைக்குமா என்ற அம்மாவின் கேள்விக்கு அவனிடம் இன்னும் பதில் இல்லை. அம்மாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ராத்திரி அவன் படிக்க உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.