கம்பி ஒலிக்கட்டும், பிக் அல்ல

அக்கூஸ்டிக் கிட்டார் பதிவுகளில் என்னை மிகவும் உறுத்துவது, ஸ்வரத்துக்கு முன்னால் வந்து விழும் அந்த 'டிக் டிக்' சத்தம்தான். பிக் கம்பியில் படும் ஒலி அது. எட்ட உட்கார்ந்து கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் வைத்த மைக் விடாது.

மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவுக்கு முன்பே சரிசெய்வதுதான் நல்லது.

முதலில் பிக். 0.5 மி.மீ.க்கும் மெல்லியது வளைந்து படபடக்கும். கொஞ்சம் தடிமனான, முனை உருண்ட பிக்கை எடுத்துப் பாருங்கள். தேய்ந்து சொரசொரப்பானதைத் தூக்கிப் போடுங்கள். சற்றே சாய்த்துப் பிடித்தால் 'டிக்' மென்மையாகும். அதிகம் சாய்த்தால் தடித்த கம்பிகளில் உரசல் கூடும்.

அடுத்து மைக். ஒலித்துளைக்கு நேரே வேண்டாம். 12ஆவது ஃப்ரெட் பக்கம், ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி, மீட்டும் கைக்கு நேராக இல்லாமல் வையுங்கள்.

இதற்குப் பிறகும் மிஞ்சினால் டி-எஸ்ஸர் இருக்கிறது. பாடகரின் 'ஸ்' ஒலியை அடக்கும் அதே கருவி, 'டிக்' எழும் நொடியில் மட்டும் அதை அமுக்கும். ஈக்யூவில் ஒரேயடியாக வெட்டினால் கிட்டாரின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும்.

முழுவதும் துடைத்துவிடவும் வேண்டாம். ஸ்ட்ரம்மிங்கில் அந்தச் சத்தம் தாளத்துக்குத் துணை.

அடுத்த பதிவுக்கு முன் இரண்டு மூன்று பிக்குகளில் ஒரே வரியை வாசித்து, ஹெட்ஃபோனில் கேட்டுத் தேர்ந்தெடுங்கள், நண்பர்களே. எந்தப் பிக் உங்களுக்குப் பொருந்தியது என்று இங்கே சொல்லுங்கள்; புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு உதவும்.