சிரட்டைக்கரியும் ஒரு மாரி இரவும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனாலும் கடைசி வரை வாசியுங்கள், குறிப்பாக வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள்.

மார்கழி விடுமுறைக்குத் தம்பி கட்டாரிலிருந்து வந்திருந்தான். வந்த மூன்றாம் நாளே ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெல்டிங் கடையில் வெட்டி, கம்பித்தட்டு வைத்து, மூடி போட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டான். முதல் நாள் வெறும் விறகு போட்டு எரித்து உள்ளே இருந்த பூச்சையும் எண்ணெயையும் போக்கினோம். அடுத்த நாள் பாசையூர்ச் சந்தையில் பாரை மீனும், வீட்டுக்கு இரண்டு கோழியும் வாங்கியாயிற்று. அதற்குப் பிறகுதான் எந்தக் கரி என்ற பிரச்சினை வந்தது.

தம்பி கொழும்பில் இருந்து ஒரு பை அச்சுக்கரி கொண்டு வந்திருந்தான். எல்லாம் ஒரே அளவு, தலையணை மாதிரி. நான் சந்தையில் விறகுக்கரி வாங்கி வைத்திருந்தேன். வாப்பா இரண்டையும் பார்த்துவிட்டு, "சிரட்டை இருக்கேக்க இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார்.

வாப்பாவுக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் சோனகதெருவை விட்டுக் கிளம்பியபோது எனக்கு இரண்டு வயது. புத்தளத்தில் அகதியாக இறங்கிய பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை சிரட்டைக்கரிக் கிடங்கில்தான். கிடங்கில் சிரட்டையைப் போட்டுக் கொளுத்தி, எரிய எரிய மேலே போட்டு நிரப்பி, பிறகு காற்றுப் புகாமல் தகரமும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் பட்டதெல்லாம் வீண், உள்ளே திரும்பப் பற்றிக்கொள்ளும். நூறு கிலோ சிரட்டை போட்டால் முப்பது கிலோ அளவில் கரி வரும். நாங்கள் படித்தது அந்தக் கரியில்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், விடுவேனா? ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடுத்துப் பரிசோதித்தோம். விறகுக்கரி சீக்கிரம் பற்றியது, நன்றாகச் சுட்டது, சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருந்ததால் சூடு ஏறி இறங்கியது. அச்சுக்கரி பற்றத் தாமதம், பற்றிய பிறகு ஒரே சீரான சூடு, நெடுநேரம் நின்றது, சாம்பல்தான் அள்ள முடியாத அளவு. அது கரித்தூளை மாப்பசை சேர்த்து அழுத்திச் செய்வது. அமெரிக்காவில் ஹென்றி போர்ட் 1920களில் கார் செய்து மிஞ்சிய மரக்கழிவில் இதைச் செய்து விற்றார். சில வகைகளில் சீக்கிரம் பற்ற எண்ணெய்ப் பொருள் சேர்ப்பார்கள், அந்த மணம் இறைச்சியில் ஏறும். சிரட்டைக்கரி நல்ல சூடு, புகை குறைவு. துண்டுகள் மெல்லியவை என்பதால் இடைக்கிடை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் விளங்கியது. நன்றாகக் கனன்ற கரியில் புகை மணம் பெரிதாக இல்லை. மணம் வருவது கரிமேல் சொட்டும் கொழுப்பிலும் நாம் போடும் மரத்துண்டிலும்தான். காய்ந்த கொய்யா, மா மரத்துண்டு இரண்டு போதும். அலரிக் கொம்பை மட்டும் தொட வேண்டாம், அது நஞ்சு. பக்கத்து வீட்டு அக்கா ஆட்கள் வெள்ளிக்கிழமை மரக்கறி, அதனால் அன்றைக்கு நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. புகைக்கு மதில் தெரியாதுதானே.

இதுவரை எல்லாம் சந்தோஷம். இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

சனிக்கிழமை இரவு சமைத்து முடிகிற நேரம் மழை கொட்டியது. கரன்டும் போய்விட்டது. மிச்சத் தணலை வீணாக்குவானேன் என்று ஒரு தாச்சியில் அள்ளிப் பின்னறைக்குக் கொண்டுபோனது நான்தான். புகையே இல்லை, மேலே வெள்ளைச் சாம்பல். பிள்ளைகளின் ஈர உடுப்புகளைச் சுற்றிவரப் போட்டேன். தூவானமும் நுளம்பும் என்று கதவு, யன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. மகள் அங்கேயே பாயில் படுத்துவிட்டாள்.

அரை மணித்தியாலத்தில் தலையிடி என்றாள். பிறகு சத்தி எடுத்தாள். கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான் இஞ்சித் தண்ணி போட எழும்பினேன். எனக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. அந்த நேரம் இஷா முடிந்து வந்த வாப்பா அறை வாசலில் நின்று தாச்சியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைத் தூக்கி மழைக்குள் முற்றத்துக்கு ஓடினார். அதற்குப் பிறகுதான் கத்தினார்: "கதவத் திற! நெருப்புச் செத்துப்போச்செண்டா நினைச்ச?"

ஆசுபத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். காலையில் மகள் சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அட்டாளைச்சேனைக் கலாசாலையில் படித்ததும் இதுதான். வாப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. கிடங்கு வாயில் குனிந்தவர்கள் தலைசுற்றி விழுந்ததைக் கண்டவர். "புகை இருந்தா மனிசன் ஓடிடுவான். புகை இல்லாத நெருப்புக்குத்தான் பயப்பிடோணும்" என்று அன்று இரவு சொன்னார். நான் தலை நிமிரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சிரட்டைக்கரிதான். சிரட்டையை முற்றத்தில் வீசினால் மழைத் தண்ணி தேங்கி டெங்கு நுளம்புதான் பெருகும். சேர்த்து வைத்துக் கரியாக்கினால் காசும் மிச்சம், காட்டு மரமும் மிச்சம். நெடுநேரம் புகையூட்டுவதென்றால் எண்ணெய் சேர்க்காத அச்சுக்கரி நல்லது. உங்கள் விருப்பம்.

ஆனால் எந்தக் கரியானாலும் அடுப்பு திறந்த வெளியில் இருக்கட்டும். தணலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முடிந்ததும் தண்ணி ஊற்றிக் கிளறி, திரும்ப ஊற்றி, கை வைத்துப் பார்க்கும் அளவு ஆறிய பிறகே விடுங்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்குத் தலையிடி என்றால் முதலில் வெளியே ஓடுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

மாரி இன்னும் முடியவில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வாப்பாவின் சுகத்துக்கும் துஆ செய்யுங்கள்.