கறியைக் குறைத்தோம், ருசியைக் குறைக்கவில்லை!

"என்னங்க, உங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வாசனையையே காணோமே, விரதமா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. எல்லாம் என் கணவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு செய்த வேலை!

அவருக்கு வயது 52. கெட்ட கொலஸ்ட்ரால் 172 என்று வந்தது. அவருடைய அண்ணன் 49 வயதில் மாரடைப்பில் போனவர். சீட்டைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். "ஆட்டுக்கறி, நெய், ஆடை எடுக்காத பால் எல்லாத்தையும் குறைக்கணும்மா. அடுப்படி உங்க கையிலதானே இருக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு 1 கிலோ ஆட்டுக்கறி, புதன் கோழி, தினமும் 2 லிட்டர் பால். பெரியவர்களுக்குக் காபியே மூன்று வேளை!

மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். "எங்க காலத்துல ஏது வாராவாரம் கறி? தீபாவளிக்கு, கோயில் கெடா வெட்டுக்கு. விருந்தாளி வந்தா ஒரு கோழி. புரட்டாசியில மூச்சே விடக்கூடாது" என்று ஒரு போடு போட்டாரே பார்க்கணும்!

கல்லூரியில் படிக்கும் மகள் வேறொரு சமாசாரம் சொன்னாள். "ஆடு, மாடு அசை போட்டு ஏப்பம் விடுதில்ல, அதுல மீத்தேன் வாயு வருதும்மா. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்." ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 2013-ல் போட்ட கணக்குப்படி, மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பினால் வருகிறதாம். பயறு வகைகளோ மண்ணுக்கே உபகாரம் செய்பவை. காவிரிப் பாசனத்தில் நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் போடுவார்கள் அல்லவா? அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன.

முகம் தொங்கிப் போனது பையனுக்குத்தான். "கறி இல்லாத ஞாயிறு ஒரு ஞாயிறா?" என்றான். சோம்பு, பட்டை, சின்ன வெங்காயம் வதக்கி, கறிக்கு அரைக்கும் அதே மசாலாவை அரைத்து மொச்சைக் குழம்பு வைத்தேன். தொட்டுக்கொள்ளச் சேனைக்கிழங்கு வறுவல். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்!

இப்போது மாதம் இரண்டு ஞாயிறுதான் கறி. அதுவும் அரைக் கிலோ, முருங்கைக்காய் சேர்த்து. ஒரு ஞாயிறு மீன். புதன்கிழமை கொள்ளு அல்லது தட்டைப்பயறு. பால் 1 லிட்டர். பிள்ளைகளுக்குப் பாலும் எல்லோருக்கும் மோரும் உண்டு. பெரியவர்களுக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் சுக்கு மல்லிக் காபி. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்றால், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். பயறு, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ கூடாது. பி12 வைட்டமின் பால், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும். அடியோடு நிறுத்துபவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்ததில் 172 என்பது 118 ஆகியிருந்தது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு, அதை நிறுத்தவில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் இப்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. மாதக் கடைசியில் என் பர்ஸிலும் நாலு காசு மிஞ்சுகிறது!

சகோதரிகளே, ஒரேயடியாக விட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கறிக்குப் பதில் மொச்சையை ஊறப் போட்டுப் பாருங்களேன்!