பிடிமண்

அறந்தாங்கி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இறுதியாண்டுச் சிற்பத்துக்கு எதை எடுப்பதென்றே பிடிபடவில்லை, நம்ம ஊரில் பார்க்க என்னதான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி மனசில் தைத்துவிட்டது. அதற்குத்தான் இந்தப் பதில்.

இந்த வருஷம் ஊரில் புரவி எடுப்பு. ஐயனாருக்கு மண் குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் பிடிமண் கொடுத்தாயிற்று. வேலை ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் ஆனால் வேளார் வீட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். சின்ன வயதில் நாம் பார்த்ததெல்லாம் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி, மாலை போட்டு, ஊரே தூக்கிக்கொண்டு போகும் குதிரையைத்தானே. அது மண்ணிலிருந்து எழும்புவதைப் பார்த்ததில்லை.

முதலில் நாலு கால்கள். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, உள்ளே கூடாகவே எழுப்புகிறார். ஒரு கை உள்பக்கம் அணை கொடுக்க, மறு கை பலகையால் வெளியே தட்டிக்கொண்டே வருகிறது. கால் இறுகி வயிற்றைத் தாங்கும் பதம் வரும்வரை மேலே போக மாட்டார். அவசரப்பட்டால் ஈர மண்ணின் பாரத்திலேயே குதிரை உட்கார்ந்துவிடுமாம். ஐயனார் குதிரைக்குக் கால் ஏன் அவ்வளவு பருமன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கழுத்துச் சலங்கைக்கு ஒவ்வொரு மணியாக உருட்டி ஒட்டி, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றுக்கும் வாய் கீறினார். முப்பது முழம் தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கீறல் தெரியவே தெரியாது. இருந்தும் ஒரு மணியைக்கூட அவர் விட்டுவிடவில்லை.

“முகத்தை எதைப் பார்த்துச் செய்வீங்க?” என்று கேட்டேன். படம், அச்சு எதுவும் கையில் இல்லை. “எங்கப்பா செஞ்ச குதிரை கோயில்ல நிக்கிது தாயி. அதுக்குப் பக்கத்துலதான் இதக் கொண்டுபோய் நிறுத்தணும். கூசாம நிக்கணும்ல?” என்றார்.

உன் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை வரம் கேட்டவர், மாடு பிழைத்தால் போதும் என்றவர், மழைக்காக நேர்ந்துகொண்ட ஊர் என்று யாரோ ஒருவரின் கவலையிலிருந்துதான் அவருடைய வேலையே தொடங்குகிறது. செய்து முடித்ததும் வெயிலிலும் மழையிலும் விட்டுவிட வேண்டும். அவருடைய அப்பா செய்த குதிரைக்கு ஒரு காது போய்விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த நேர்த்திக்கு அடுத்த குதிரை.

பழைய குதிரையை அப்படியே திருப்பிச் செய்கிறார் என்று நினைத்துவிடாதே. இவர் முன்பு செய்த குதிரையையும் அவருடைய அப்பாவின் குதிரையையும் சேர்த்துப் பார்த்தால், அப்பாவின் குதிரை சீறுகிறது, இவருடையது காது கொடுத்துக் கேட்கிறது. முறை ஒன்றுதான், மனசு வேறு.

உங்கள் படிப்பில் கே.சி.எஸ். பணிக்கர் கட்டாயம் வருவார். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். 1960களில் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு ஜாதகக் கட்டமும் அதில் நெருக்கி எழுதிய எழுத்தும்தான் வித்து. நம் வீட்டுப் பெட்டியிலும் அதே மாதிரி ஜாதகம் கிடக்கிறது. ஆனால் அவர் அதை ஓவியனாகப் பார்த்தார். நீ இருக்கும் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை எட்டிப்பிடிக்கிற தூரம்தான். மெழுகில் உருப்பிடித்து வார்க்கிற பட்டறைக்கு ஒரு நாள் முழுக்கப் போய் உட்கார். மெழுகின் மேல் பூசும் காவிரி வண்டல் எப்படி அதன் நகக்கீறலைக்கூட வாங்கிக்கொள்கிறது என்று பார். படத்தொகுப்புகளை வேண்டாமென்று சொல்லவில்லை, அவற்றையும் பார். நம்முடையதை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டுப் பார்க்காதே, அவ்வளவுதான்.

குளமங்கலம் பெருங்காரையடி மிண்ட ஐயனார் கோயில் குதிரை உனக்கு ஞாபகம் இருக்கும். மாசி மகத்துக்குக் காகித மாலையாகச் சார்த்தி, குதிரையே தெரியாமல் மூடிவிடுவார்களே, அதுதான். மாலையெல்லாம் இறங்கிய பிறகு ஒரு தடவை போய், அதன் வயிற்றுக்கடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் உன்னோடு.

அடுத்த வாரம் தலையும் பிடரியும் வைக்கப்போகிறார். மண் மிதிக்க ஆள் போதவில்லை என்கிறார். என் தம்பி வருவான் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிடு. பழைய கைலி ஒன்று எடுத்துக்கொள். நோட்டும் பென்சிலும் இருக்கட்டும், ஆனால் முதல் நாள் வெளியே எடுக்காதே. அம்மா உனக்காக உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா