நின்றுவிட்டதா, சேர்ந்துவிட்டதா?

நேற்று ராத்திரி ரோசன்பிராக் சார்பை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். 1960இல் ஹோவர்ட் ரோசன்பிராக் தந்தது. அதன் வரைபடம் வாழைப்பழம் போல வளைந்த பள்ளத்தாக்கு; அதன் அடிமட்டத்தைத் தேடிச் சேர்வதுதான் வேலை. அடிமட்டம் (1, 1) என்ற புள்ளியில், மதிப்பு 0.

வழக்கம்போல (-1.2, 1)இல் தொடங்கி, சரிவு இறக்க முறையில் (சரிவுக்கு எதிர்த்திசையில் இறங்குவது) ஒவ்வொரு முறையும் சரிவின் 0.001 மடங்கு அடி வைத்தேன். மதிப்பு 24.2இலிருந்து 5.35, அடுத்து 4.118, அதற்கடுத்து 4.115. மாற்றம் 0.01க்குக் கீழே போனதும் நிறுத்த நிரலிடம் சொல்லியிருந்தேன். மூன்றே அடியில் "முடிந்தது" என்று திரையில் வந்துவிட்டது!

முடியவே இல்லை. அந்த இடத்தில் சரிவின் நீளம் இன்னும் 1.8 இருந்தது. பள்ளத்தாக்கின் சுவர் செங்குத்து, தரையோ கிட்டத்தட்ட சமம். சுவருக்குப் பயந்து அடியைச் சின்னதாக வைத்தால் தரையில் ஊர்ந்துதான் போக முடியும். ஊர்வதை வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொண்டது என் நிபந்தனை.

இளம் நண்பர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: மதிப்பின் மாற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். சரிவு பூஜ்யத்தை நெருங்கியதா என்று பாருங்கள். (மாறிகளின் அலகு மாறினால் அந்த எண்ணும் மாறும், அதையும் கவனியுங்கள்.) வேறொரு இடத்தில் தொடங்கியும் ஓட்டிப் பாருங்கள். அடி எண்ணிக்கை வரம்பைத் தொட்டு நின்றதென்றால், அதை விடை என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

நிபந்தனையைச் சரிவுக்கு மாற்றி மறுபடி ஓட விட்டேன். ஆயிரக்கணக்கான அடிகள். விடிவதற்குள் (1, 1) பக்கம் வந்திருந்தது.