முப்பது மில்லிமீற்றர்

காரைத் தாழ்த்துவது வேறு. கார் ஓடும் விதத்தைத் திருத்துவது வேறு. இரண்டும் ஒன்றென்று நம்பித்தான் எங்கள் பெடியள் பலர் முந்நூறு யூரோவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். நிற்கும்போது ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் இரண்டு விரல் போகாவிட்டால் போதும், வேலை முடிந்தது. ஓடும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்ல இறுக்கம் அண்ணை" என்பார்கள்.

கொய்லோவர் என்பதை ஜேர்மன்காரர் 'கெவின்டஃபார்வேர்க்' என்கிறார்கள். சொக் அப்சோபரின் வெளிக்குழாயில் மரை வெட்டி, அதில் ஒரு வளையத்தைப் பூட்டி, வளையத்தின் மேல் ஸ்பிரிங்கை இருத்தியிருப்பார்கள். வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். திருகத் திருக ஸ்பிரிங் விறைக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிப்பிலும் சுருளின் விட்டத்திலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது, வளையத்தில் இல்லை. என்னுடைய காரில் பின்பக்கம் ஸ்பிரிங் வேறாகவும் சொக் வேறாகவும் இருப்பதால், அங்கே அந்த வளையம் ஸ்பிரிங்கோடு தனியே வரும்.

கார் 2007ஆம் ஆண்டுக் கோல்வ் ஜீ.ரீ.ஐ. இரண்டு லீற்றர் ரேர்போ, 200 குதிரைவலு, நாலு கை மாறி வந்தது. பின் சொக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. ஆகவே எதையாவது வாங்கியே ஆகவேண்டும். நான் இருப்பது ஹாகனில், வேலை லூடன்ஸைட்டில் ஒரு உணவகத்தின் குசினியில். இரவு பன்னிரண்டரைக்குக் கோப்பை, சட்டி, தரை எல்லாம் கழுவி வெளிக்கிட்டால், வோல்ம ஆற்றோடு வளைந்து வளைந்து வரும் பி 54 வீதிதான் என் வழி. 2021 யூலை வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கை அரித்துவிட்டுப் போயிருந்தது. அதே வருடம் டிசம்பர் 2இல் ஏ 45 நெடுஞ்சாலையின் ராமெட பாலத்தையும் மூட, லொறிகள் எல்லாம் ஊருக்குள் இறங்கின. ஒட்டுப்போட்ட தார், வளைவு, மழை, சிலவேளை மான்.

குசினியில் எனக்கு மூத்தவர் ஒருவர், இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருப்பவர், நான் கைத்தொலைபேசியில் விலை பார்ப்பதைக் கண்டுவிட்டார். "உந்தக் காசுக்கு ஊரில ஒரு கக்கூசு கட்டலாமடா தம்பி." அவர் சொன்னது பொய்யில்லை. தங்கச்சியின் வீட்டுச் சுவர் இன்னும் பூசி முடியவில்லை. மாதாமாதம் அனுப்புகிறேன். அது போக, ரிப்ஸ் காசில் மாதம் அறுபது, எழுபது யூரோவை ஒரு பேணியில் போட்டு வந்தேன்; பதினாறு மாதத்தில் 1,100 யூரோ சேர்ந்தது. அந்தப் பேணிக்கு ஒருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் தீர்மானம். ஆனாலும் அவருக்கு முன்னால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தேன். 2008இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோயிற்று. ஏனென்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே படித்த ஒரேயொரு சமன்பாடுதான் இங்கே எனக்குக் கைகொடுத்தது: ஸ்பிரிங்கில் அதிரும் திணிவு. காரைத் தாழ்த்தினால் சக்கரம் மேலே ஏற இடம் குறைகிறது. அடிபடாமல் இருக்க விறைத்த ஸ்பிரிங் போடுகிறார்கள். தணிப்பு விகிதத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு வர்க்கமூலத்துக்குள் நிற்கும். விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் 1.5இன் வர்க்கமூலம் 1.22, பழைய அடக்கம் வேண்டுமானால் சொக்கின் தணிப்பு 22 சதவீதம் கூடவேண்டும். ஸ்பிரிங் வாங்கிய சக்தியைத் திருப்பித் தந்தே தீரும். அதைச் சூடாக்கித் தீர்ப்பது சொக்கின் எண்ணெயும் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு வால்வும். மலிவுச் செற்றில் மிச்சம் பிடிப்பது அந்த வால்வில்தான். கண்ணுக்குத் தெரியாத இடமல்லவா. வெளியே மரை பளபளக்கும். வளைவில் ஒட்டுத்தாரொன்றில் ஏறியதும் கார் ஒருதரம் அல்ல, மூன்றுதரம் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் ரயர் நிலத்தில் வைத்த பிடியை விடுகிறது.

விலையில் மூன்று படி கண்டேன். 300 யூரோவுக்குள் ஒன்று. 700 முதல் 1,000 வரை அடுத்தது: உயரத்தை மாற்றலாம், தணிப்பு தொழிற்சாலை வைத்தபடி. 2,000ஐ ஒட்டியது மூன்றாவது: தணிப்பையும் திருகி மாற்றலாம். பந்தயப் பாதைக்குப் போகாதவனுக்கு அந்தத் திருகிகள் வீண் என்பேன். பில்ஸ்ரைன் தொழிற்சாலை ஹாகனுக்கு அயலூரான என்னபெற்றாலில் இருக்கிறது. அவர்களுடைய பி14ஐத்தான் மனம் கேட்டது. ஒற்றைக்குழாய், வாயு அழுத்தம். பேணி இடங்கொடுக்கவில்லை. கடைசியில் எஸ்.ரி. எக்ஸ். அது கா.வே. நிறுவனத்தின் இன்னொரு பெயர், கா.வே.யில் துருப்பிடியா உருக்கு, இதில் நாகம் பூசிய உருக்கு. மாரியில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், ஆகவே மரையைக் கழுவி மெழுகு பூசவேண்டும். கோப்பை கழுவுகிறவனுக்கு அது ஒரு வேலையா? 730 யூரோ. மிச்சத்தை மேல்தாங்கியும் பெயாரிங்கும் புது நட்டுகளும் சக்கரக் கோணம் பார்த்த கூலியும் ரூவும் தின்றன. செற்றின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். வாங்குமுன் முன்தண்டின் விட்டத்தையும் அளக்கவேண்டும். கோல்வ் 5இல் 50 மி.மீ.யும் உண்டு, 55 மி.மீ.யும் உண்டு.

பிறகு பத்திரம். செற்றோடு வரும் பரிசோதனைப் பத்திரத்தில் எந்தக் கார், எவ்வளவு அச்சுப்பாரம், எவ்வளவு தாழ்த்தலாம் எல்லாம் இருக்கும். பூட்டியதும் ரூவுக்கோ டெக்ராவுக்கோ காட்டவேண்டும். காட்டாவிட்டால் கார் வீதியில் ஓடும் அனுமதியே போய்விடும். டோட்முண்டில் ஒரு சனி இரவு உறவுக்காரப் பெடியன் ஒருவனைப் பொலிஸ் மறித்து, காரை இழுத்துக்கொண்டு போனது. "பாட்ஸ் நல்லதுதானே சித்தப்பா, பேப்பர்தானே இல்லை" என்று அழாக்குறையாகச் சொன்னான். டுல்டுங் தாளை நீட்டுவதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்றவனிடம் வந்து சொல்கிறான்.

மணிக்கணக்கில் லிஃப்ற் வாடகைக்குத் தரும் கராஜ் ஒன்றில் ஒரு திங்கட்கிழமை முழுக்க நின்று பூட்டினேன். றப்பர் புஷ் உள்ள நட்டுகளைக் காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக்கவேண்டும்; தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழியும். பத்திரம் அனுமதித்ததில் ஆகக் குறைந்த தாழ்வு 30 மி.மீ. அதிலேயே விட்டேன்.

மூத்தவர் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு என்னோடு வந்தார். ஒட்டுத்தார் வந்தது, போனது. கார் ஒருதரம் அமர்ந்து எழும்பியதோடு சரி. அவர் வழிநெடுக ஊரில் சீமெந்து மூடை விற்கிற விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். நானும் 'ஓம் அண்ணை' போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

போன கிழமை அந்தப் பெடியன் திரும்ப வந்தான். எவ்வளவு பதிக்கலாம் என்று கேட்டான். முதலில் காரின் பதிவுப் பத்திரத்தையும் ஒரு அளவுகோலையும் கொண்டுவா என்று அனுப்பியிருக்கிறேன்.