பாமினிக்குள் கிடந்த அஞ்சலிக் குறிப்பு

முப்பது ஆண்டுக்காலப் பத்திரிகை எழுத்துக்களை ஓர் இணையச் செயலியில் சேர்த்துவைக்கச் சென்ற ஆண்டு முனைந்தேன். மென்பொருள் பொறியியல் படித்த என் தங்கை மகன் அதனை அமைத்துத்தர முன்வந்தான். முதல் நாளே, 1994இல் நால்வர் சேர்ந்து வெளியிட்ட, 23 வடிவமைப்புப் பாங்குகளை விளக்கும் நூலை என் மேசையில் வைத்தான். ஒரே பிரதியை மட்டும் அனுமதிக்கும் சிங்கிள்டன், ஓரிடத்து மாற்றத்தைப் பல இடங்களுக்கும் அறிவிக்கும் அப்சர்வர் என்று எல்லாவற்றையும் எங்காவது பொருத்திவிடத் துடித்தான். கற்ற சொற்களையெல்லாம் முதற் செய்தியிலேயே கொட்டிவிடும் புதிய நிருபர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

செயலி இயங்கத்தான் செய்தது. மறைந்த சக பத்திரிகையாளர் ஒருவருக்கு நான் எழுதிய அஞ்சலிக் குறிப்பை அவருடைய மகள் ஒருநாள் கேட்டார். பெயரை இட்டுத் தேடினேன். அப்படி எதுவும் இல்லை என்றது. குறிப்போ உள்ளேதான் இருந்தது, பாமினி எழுத்துருவில்.

பாமினி, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழைச் சேமிப்பது. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அந்த அரைப்புள்ளிதான் மகர மெய்யின் குற்று. 'கெ' என்பதில் கொம்பு முதலில் சேமிக்கப்படும். யுனிகோடிலோ ககரத்திற்குப் பின்னர் வரும். மருமகன் இந்த மாற்றத்தை ஒவ்வொரு பக்கத்தின் காட்சி நிரலிலும் தனித்தனியே எழுதியிருந்தான். ஆகவே வாசிக்க முடிந்தது, தேட முடியவில்லை.

"தம்பி, நாளைக்கு இதிலே எது மாறும்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்து, "எழுத்துரு மாறும், பக்கத் தோற்றம் மாறும். வேறொன்றுமில்லை மாமா" என்றான்.

அப்படியானால் இரண்டு பாங்குகளே போதும். தரவு, காட்சி, கட்டுப்பாடு மூன்றையும் பிரித்துவைக்கும் முறை ஒன்று. 1979இல் ட்ரிக்வே ரீன்ஸ்கோக் என்ற நோர்வேக்காரர் கலிபோர்னியாவின் ஜெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் வகுத்தது. செய்தியை எழுதுபவரையும் பக்கம் கட்டுபவரையும் பிரித்துவைத்தே வளர்ந்த எமக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. மற்றையது அடாப்டர். பழைய பிரதி உள்ளே வரும் வாசலிலேயே அதனை யுனிகோடாக்கிவிடும். அப்பால் உள்ள எந்தப் பகுதிக்கும் பாமினி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மூலப்பிரதியை அழிக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன்.

இரண்டாம் முறை தேடியபோது குறிப்பு கிடைத்தது. ஆனால் நண்பரின் பெயரில் கொம்பு இடம் மாறியிருந்தது. மருமகன் அடாப்டரில் ஒரு வரியைத் திருத்தி மூலப்பிரதிகளை மீண்டும் உள்ளே அனுப்பினான். எல்லாக் கட்டுரைகளிலும் அப்பிழை நீங்கியது. அன்றிரவே குறிப்பை மகளுக்கு அனுப்பிவைத்தேன்.